கதவுக்கு உள்பக்கம்

"கக்கூஸ்லயா?"

சிஸுரு போட்ட சத்தத்தில் வராந்தாவில் நின்ற அம்மாக்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கிற நாள். மற்ற வகுப்புச் சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த படங்கள். ஐந்தாம் வகுப்புச் சுவர் மட்டும் மொட்டையாக இருந்தது. "எங்க பசங்க படமெல்லாம் எங்கே?" என்று சிஸுரு கேட்டதற்கு ஓவிய டீச்சர் ஹதனகா சொன்ன பதிலைக் கேட்டுத்தான் அந்தச் சத்தம்.

"ஆமாங்க. இந்தப் பருவம் முழுக்க பையன்கள் கழிப்பறையிலதான் எங்களுக்கு வேலை."

சிஸுருவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மகன் ரியோஹெய் படம் போட்டால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்த வருஷமாவது போட்டிக்கு அனுப்புவார்கள் என்று ஆசையாக இருந்தாள்.

அதைவிடப் பெரிய கவலை வேறே. கோடை லீவு முடிந்ததிலிருந்து பிள்ளைக்குக் காலையானால் வயிற்றுவலி. பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். புருஷன்காரன் "நடிக்கிறான்" என்றான். கொஞ்ச நாளாகத்தான் மறுபடி ஒழுங்காகப் போகிறான். அதுவும் எத்தனை நாளைக்கோ என்று அவளுக்குப் பயம்.

"ஏங்க டீச்சர், படம் சொல்லிக்கொடுங்கன்னு அனுப்பினா, கக்கூஸ் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க விடுறீங்களா? ஏற்கெனவே வயிறு சரியில்லாத பிள்ளை. மறுபடி படுத்துக்கிட்டான்னா நீங்களா வந்து பார்ப்பீங்க?"

"நல்லாக் கேளுங்க!" என்றாள் பின்னாலிருந்து ஒரு அம்மா. "மேலிடத்துல எழுதிக் கொடுப்போம்."

டீச்சர் கோபப்படவில்லை. "தாராளமா எழுதுங்க. ஒரு தடவை பார்த்துட்டு எழுதுங்க, அவ்வளவுதான்."

அதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது. பையன்கள் திமுதிமுவென்று ஓடி வந்தார்கள். விளையாட்டு மைதானத்துக்கு இல்லை, கழிப்பறைக்கு! வாசலில் இருந்த கழிப்பறைச் செருப்பை மாட்டிக்கொண்டு, மூன்று கதவுகளுக்கு முன்னாலும் வரிசை கட்டினார்கள்.

ஒரு பையன் கதவைத் திறந்துகொண்டு சிரித்தபடி வெளியே வந்தான். "டேய், தவளை ஜெயில்ல மாட்டிக்கிட்டாண்டா!"

"சொல்லாதடா பாவி! நான் இன்னும் பார்க்கலை!"

சிஸுரு எட்டிப் பார்த்தாள். கதவின் உள்பக்கம் மேலிருந்து கீழ்வரை சித்திரக்கதை. ஒவ்வொரு கதவிலும் ஒரு பாகம்.

"வாரா வாரம் புதுசு மாட்டுவேன்," என்றார் டீச்சர். "வரையறது யாருன்னு பசங்களுக்கே தெரியாது. கதவைச் சாத்தினாத்தான் படிக்க முடியும்."

"இது என்னங்க கூத்து? படிக்க வேற இடமா இல்லை?"

"பருவம் தொடங்கினப்போ எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னேன். 'பள்ளிக்கூடத்துல ஆய் வந்தா வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கிறவங்க கையைத் தூக்குங்க'ன்னேன். பையன்கள்ல முக்கால்வாசிப் பேர் தூக்கினாங்க. கிண்டல் பண்றவனும் தூக்கினான்!"

சிஸுரு அந்த மூன்று கதவுகளையும் மறுபடி பார்த்தாள். ஆண்பிள்ளை பள்ளிக்கூடத்தில் நின்றபடி ஒன்றுக்குப் போனால் பேச்சில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனால் தீர்ந்தது, பட்டப்பெயர்தான். அவள் அண்ணனுக்கே அந்தக் காலத்தில் ஒன்று இருந்தது. மத்தியானச் சாப்பாட்டோடு பள்ளிக்கூடத்தில் தரும் பாலைக் குடிக்க மாட்டேன் என்கிற பிள்ளை, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையை வீசிவிட்டுக் கக்கூஸுக்கு ஓடுகிற பிள்ளை... அட கடவுளே, பெற்றவளுக்கு இது தெரியாமல் போச்சே!

"அப்போ அதைச் சரிபண்ண ஏதாவது உருவாக்குங்கன்னு சொன்னேன். உள்ளே போக எல்லாருக்கும் ஒரு சாக்கு வேணும்னு பசங்களே யோசிச்சுக் கண்டுபிடிச்சது இது. வடிவமைப்புப் பாடம்னா வேற என்னங்க?"

"என் பையனும்... கையைத் தூக்கினானா?"

"அதைச் சொல்ல மாட்டேன். கண்ணை மூடினவங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அப்போது ரியோஹெய் வந்தான். அம்மாவைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, நடுக் கதவுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

நேரம் போயிற்று. கதவு திறக்கவில்லை. வெளியே பையன்கள் தட்டினார்கள்.

"டேய் ரியோஹெய், எழுத்துக்கூட்டிப் படிக்கிறியா? மத்தவங்களும் படிக்க வேணாமா?"

அதைத் தவிர ஒருத்தனும் கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சிஸுருவுக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. "இவன் வீட்ல பாடம்கூட இவ்வளவு நேரம் படிக்க மாட்டானே!" என்று சிரித்துச் சமாளித்தாள்.

டீச்சர் அவள் காதருகே குனிந்தார்.

"அவன் படிக்கிறதுக்கு அதுல என்னங்க இருக்கு? வாரா வாரம் அந்தக் கதையை வரையறதே அவன்தானே!"