பதினோரு நிமிடம்

சாய்ந்த வெயில் காத்தக்காவின் மேசையில் பாதியைப் பிடித்திருக்கிறது. இறங்கி வரும் விமானிகள் அத்தனை பேரிடமும் மேலே காற்று எப்படி என்று விசாரிப்பதால் விமானப் பாதை கணக்கிடும் அவருக்கு அந்தப் பெயர். எதிரே விமானி நிற்கிறார். ஜன்னலுக்கு வெளியே, சின்ன விமானத்தில் ஒரு பனிப்பெட்டியை ஏற்றுகிறார்கள். வேறொரு ஊரில் காத்திருக்கும் சிறுமிக்கான இதயம் அதற்குள் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், ஒரு மணி ஐம்பது நிமிடம் என்கிறது கணினி. காத்தக்கா உதட்டைப் பிதுக்கி, வரைபடத்தில் வடக்கே வளைத்து ஒரு பென்சில் கோடு இழுக்கிறார்.

"அறுபது கிலோமீட்டர் கூடுதேக்கா."

"கூடட்டும் கேப்டன். கம்ப்யூட்டர்ல இருக்கிறது காலைக் காத்து. இப்ப இறங்கின சரக்கு விமானத்துக்காரர்கிட்ட கேட்டேன், அந்தப் பக்கம் பின்னாலிருந்து தள்ளுதாம். பதினோரு நிமிஷம் முன்னாடியே இறங்கிடுவீங்க."

கடைத்தெருவுக்கு வழி சொல்கிற குரல். விமானி பாதைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு போனை எடுக்கிறார். "டாக்டர், பதினோரு நிமிஷம் முன்னாடியே வந்துடுவோம். அந்தக் கணக்குக்கே பாப்பாவுக்கு ஆபரேஷனை ஆரம்பிச்சிடுங்க." அதைக் கேட்டதும் காத்தக்கா பென்சிலை எடுத்து அந்தக் கோட்டை முதலிலிருந்து மறுபடி கணக்குப் பார்க்கிறார். விமானி அதைப் பார்க்காதவர்போலத் தொப்பியை மாட்டிக்கொள்கிறார்.