சேமிக்காத சாயங்காலம்

நெட்வொர்க் லேபில் இப்போதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே ஓடும் விர்ச்சுவல் ரவுட்டர் மட்டும் போதாதாம். அதை ஓட்ட ஒரு இன்ஜினியரின் மனசையும் நகலெடுத்து ஏற்றிவிடுகிறார்கள். குயிலி தினமும் ஏற்றுவது அவள் அண்ணன் தில்லையின் நகலை. அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது எடுத்த நகல். அம்மா அன்றே போய்விட்டாள், நகலுக்குத் தெரியாது.

"அம்மா கண்ணு முழிச்சாளா புள்ள?"

"இன்னும் மயக்கம் தெளியலண்ணே. நீ வேலையைப் பாரு."

சாயங்காலம் சேமிக்காமல் அணைத்துவிடுவாள். மறுநாள் அவன் எல்லாம் மறந்து புதிதாகக் கேட்பான்.

நேற்று அவள் சீக்கிரம் கிளம்பியதால் பக்கத்து சீட்டு பெனாசிர்தான் அணைத்தாள். லேப் பழக்கப்படி, நல்ல பிள்ளையாகச் சேமித்துவிட்டு.

இன்று காலை தில்லை கேட்டான். குயிலியும் வழக்கம்போலச் சொன்னாள்.

"நேத்தும் இதையேதான சொன்ன? ஒருநாள் பூராவுமா புள்ள மயக்கம் தெளியாம இருக்கும்?"