சதையில் இறங்கிய ஆணி

லாட ஆணி குதிரையின் குளம்பைத் தாண்டிச் சதைக்குள் இறங்கிவிட்டது. லாடக்காரருக்குக் கூலி கொடுக்க மனசில்லாமல் வண்டிக்கார வேலப்பன் தானே சுத்தியலை எடுத்ததால் வந்த வினை.

குதிரை பல்லைக் கடித்துக்கொண்டு, நொண்டாமல் நடந்தது.

“வலிக்குதுன்னு காட்டித் தொலையேன், மகாராசா,” என்றது கொட்டிலில் பக்கத்தில் நின்ற கழுதை.

“நொண்டின கறுப்புக் குதிரையைத் தோலுக்கு வித்தானே, மறந்துட்டியா?”

கடைசியில் ஒருநாள் கொட்டில் வாசலிலேயே குதிரை கால் மடங்கி விழுந்தது. வேலப்பன் எங்கோ ஓடிப்போய் ஓர் ஆளோடு திரும்பினான். அந்த ஆளின் பைக்குள் இரும்பு கலகலத்தது.

“கத்திதான்,” என்றது குதிரை.

வந்தவர் உட்கார்ந்து, அதன் காலை மடியில் ஏந்தினார். குறட்டால் ஆணியைப் பிடுங்கினார். சீழ் வடிந்தது. குதிரைக்கு மூச்சு வந்தது.

“என் கூலியை மிச்சம் பிடிச்ச ஆளு நீதானே? இப்ப இரட்டிப்பா எடு,” என்றார் லாடக்கார மஸ்தான், வேலப்பனிடம்.