வளைவில் நின்ற கார்

"உனக்குக் கியர் ஒத்து வராது மேகலா. கியரே இல்லாத கார் வரட்டும், நீயே ஓட்டு," என்று நிச்சயம் முடிந்த புதிதில் திருமூர்த்தி சொல்லியிருந்தான்.

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல உக்காந்து கடலை கொறிப்பேன்."

கியர் இல்லாத காலமும் வந்தது. ஊரெல்லாம் மின்சாரக் கார்கள். கல்யாணமாகி லைசென்ஸும் எடுத்துவிட்டாள் மேகலா. திருமூர்த்தியோ மின்சாரக் காரிலும் பொய்யாக உறுமி, பொய்யாகக் கியர் மாறும் காரைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தான். கியரைத் தப்பாகப் போட்டால், பழைய வண்டி மாதிரியே அது நின்றும் போகும். ஓட்டுவதும் அவனேதான்; மேகலா பக்கத்து இருக்கையில்.

கோத்தகிரி மலையேறும்போது கொண்டை ஊசி வளைவில் அப்படித்தான் நின்றது. பேட்டரி நிறைய மின்சாரம் இருந்தும், கார் விக்கி அடங்கியது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி கிளப்பினான், மறுபடி நின்றது. சட்டை நனைந்துவிட்டது.

"ஏனுங்க, அந்தப் பொய்க் கியர அணைச்சா வண்டி தானா ஏறுமில்ல?"

"ஏறும். மானம் போயிரும்."

"பஸ்காரர்தான் எல்லாத்தையும் பாத்துட்டாருங்களே."

அவன் சிரித்துவிட்டான். பொத்தானை அழுத்திக் கியரை அணைத்ததும் உறுமலும் நின்றது. கார் சத்தமில்லாமல் வளைவேறி, ஓரம் ஒதுங்கி பஸ்ஸுக்கு வழிவிட்டது. திருமூர்த்தி வலித்த கையை உதறிக்கொண்டு, "அப்பாடா" என்று சாய்ந்தான்.

மேகலா பையிலிருந்து கடலைப் பொட்டலத்தை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. மிச்ச மலைய நான் ஓட்டறனுங்க."