தண்ணீரில் ஒரு மாக் ட்ரில்

"இந்த டூர்ல யாரோ ஒருத்தர் வேணும்னே மயங்கி விழுவாங்க, பாருங்கக்கா," என்றான் சந்தோஷ், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு.

பக்கத்துப் படகில் இருந்த மாதேஸ்வரி திரும்பினாள். "உனக்கு யாருப்பா சொன்னது?"

"எச்.ஆர்.ல காதுல விழுந்துச்சு. நம்ம சேஃப்டி ஆபீசர் ராமப்பன் சார் மாக் ட்ரில் வெச்சிருக்காராம். எப்போ, எங்கன்னு மட்டும் யாருக்கும் தெரியாது."

ஜூஜுவாடி பக்கம் இருக்கும் அவர்களுடைய கம்பெனிக்கு மாக் ட்ரில் என்ற ஆபத்துக்கால ஒத்திகை ஒன்றும் புதிதல்ல. சோற்றை அள்ளி வாயில் வைக்கும்போதுதான் பாழாய்ப்போன சைரன் ஊதும். போன மாதம் அப்படி ஊதியபோது, கீழே விழுந்து கிடந்த 'நோயாளி'யைப் பார்த்தபடி மாதேஸ்வரி வாயடைத்து நின்றுவிட்டாள். மொத்த ஷிஃப்ட்டும் வேடிக்கை பார்த்தது. புது பிளான்ட்டின் அவசர உதவிக் குழுவுக்குத் தலைவி வேண்டும். பதினொரு வருஷ ஆபரேட்டர் வேலைக்குப் பிறகு வந்த முதல் வாய்ப்பு. இன்னொரு முறை சொதப்பினால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

"இந்தத் தடவை விட மாட்டேன்," என்றாள்.

"அப்படிச் சொல்லுங்கக்கா," என்றாள் சந்தோஷின் கயாக் படகில் முன்னால் உட்கார்ந்திருந்த காவியா. அவளும் கம்பெனியில் அதே லைனில் வேலை பார்ப்பவள்தான்.

கம்பெனி செலவில் இரண்டு நாள் பயணம். இன்றைக்குக் காட்டுக்கு நடுவே இருக்கும் நீர்த்தேக்கத்தைக் கயாக்கில் கடந்து அக்கரையில் கூடாரம். நாளைக்கு மலையேற்றம். சேஃப்டி ஆபீசர் ராமப்பன் கூடாரச் சாமான்களோடு ஜீப்பில் அக்கரைக்கு முன்னமே போய்விட்டார்.

வழிகாட்டி முனிராஜ் அஞ்செட்டிக்காரன். கார்வார் கடலில் இரண்டு வருஷம் கயாக் ஓட்டிப் பழகியவன். காலையில் கரையோரத்தில் படகோடு தலைகீழாகக் கவிழ்ந்து, துடுப்பை ஒரு சுழற்றுச் சுழற்றி, சிரித்தபடி நிமிர்ந்து காட்டினான். நிமிர முடியாதவர்களைப் பக்கத்துப் படகில் இருந்தபடியே எப்படிப் புரட்டித் தூக்குவது என்றும் சொல்லிக் கொடுத்தான். மத்தியானம் எல்லோருக்கும் புளிசோறு கொடுத்துவிட்டு, "நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்று படகுகளை இழுக்கப் போய்விட்டான்.

இப்போது வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கரை தெளிவாகத் தெரிய ஆரம்பித்த நேரத்தில், முன்னால் போய்க்கொண்டிருந்த முனிராஜின் படகு மெல்லச் சாய்ந்து கவிழ்ந்தது.

"ஆரம்பிச்சுட்டாருக்கா," என்றான் சந்தோஷ்.

மாதேஸ்வரி ஐந்து எண்ணினாள். முனிராஜ் நிமிரவில்லை. அவனுடைய துடுப்பு தனியாக மிதந்தது. போன மாதம் போலவே நின்றுவிடுவோமோ என்று ஒரு கணம் தோன்றியது. ட்ரில்தானே, பயப்பட என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். குரல் வந்துவிட்டது.

"காவியா, டைம் பாத்துக்கோ. விசில் ஊது. சந்தோஷ், அவன் படகுக்கு அந்தப் பக்கம் போ. நான் இந்தப் பக்கம் வரேன்."

யாராவது போங்கள் என்று சொல்லக் கூடாது, பேர் சொல்லி ஏவ வேண்டும். ராமப்பன் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

நான்கே துடுப்பு வீச்சில் போய்ச் சேர்ந்தாள். கவிழ்ந்த படகின் மேல் குனிந்து, எதிர் விளிம்பை எட்டிப் பிடித்து இழுத்தாள். சந்தோஷ் அந்தப் பக்கமிருந்து தூக்கிக் கொடுத்தான். படகு புரண்டது. முனிராஜின் தலை அவள் தோளில் வந்து விழுந்தது.

"கண்ணைக்கூடத் தொறக்க மாட்டேங்கறாரு. என்னமா நடிக்கறாரு," என்றாள் காவியா.

"பேச்சை வுடு. ட்ரில்லுன்னாலும் நெசமாட்டமே செய்யணும்."

மாதேஸ்வரி அவன் தாடையை நிமிர்த்தி, முதுகில் ஓங்கித் தட்டினாள். அவன் இருமினான். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பாவம், நடிக்கப் போய்க் கொஞ்சம் குடித்துவிட்டான் என்று நினைத்தாள். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். வந்தது.

"சந்தோஷ், என் படகையும் இவன் படகையும் சேத்துக் கட்டி இழு. நான் இவனைப் புடிச்சுக்கறேன்."

அக்கரையில் ராமப்பன் காதில் போனோடு நின்றிருந்தார். மேனேஜருக்கு நேரலை வர்ணனை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். அவள் குரல் ஒருமுறைகூடப் பிசிறவில்லை. மனசுக்குள் பெருமையாக இருந்தது.

கரை தட்டியதும் முனிராஜை நிழலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரச் சட்டையைத் தளர்த்தினாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகை இழுத்து உதவிய ராமப்பன், சொட்டச் சொட்ட மேலே வந்தார்.

"எத்தனை நிமிஷம் காவியா?"

"ஒம்பதுக்கா."

மாதேஸ்வரி எழுந்து நின்றாள். "பேஷன்ட் கரை சேந்தாச்சு சார். மூச்சு நல்லா இருக்கு. ட்ரில்லை முடிச்சுக்கலாமா?"

ராமப்பன் அவளையே பார்த்தார்.

"ட்ரில் நாளைக்கும்மா, மலையில. மயங்கி விழறதா இருந்தது நான். ஆம்புலன்ஸ் பாதி வழி வந்துருச்சு, நீ இந்தப் பையன் கையை விட்றாத."