பழைய மிஷினே போதும்

ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிடையரான வால்டருக்குக் காது ரொம்ப மந்தம். பத்து வருஷத்துக் காது மிஷினை மாட்டிக்கொண்டும், பக்கத்தில் நின்று கத்தினால் பாதிதான் கேட்கும். இடையிடையே அது 'கீ' என்று விசில் வேறு அடிக்கும். புதுசு வாங்கும்படி டாக்டரும் சொல்லிவிட்டார், மனைவி ஐரீனும் தினமும் சொல்கிறாள்.

"தோஸ்துங்கள ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்" என்றார் வால்டர்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ரம்மி ஆட வந்த பாரியும் சுப்பராயனும் பதறிப்போனார்கள்.

"புதுசு எதுக்கு மாமு? இது ராசியான மிஷினு" என்றார் பாரி.

"என் சகலை புதுசு மாட்டிகினு தலவலில பேஜாராயிட்டான்" என்றார் சுப்பராயன்.

வால்டர் தலையாட்டினார். ஐரீன் டீ டம்ளர்களை 'டங்'கென்று மேஜையில் வைத்தாள்.

ஆட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது பாரி கிசுகிசுத்தது அவளுக்குக் கேட்டுவிட்டது. "வால்டரு நல்ல சீட்டு வந்தா சிரிப்ப அடக்க தாடைய இறுக்குறான். மிஷின் கத்துது, நாம உசாரா சீட்ட கவுத்து ஆட்டத்துலேந்து கழண்டுக்கறோம். புதுசு கத்தலேன்னா இன்னா பண்றது?"

ஐரீன் உள்ளே ஓடி, வால்டரின் காதருகே கத்தி அத்தனையும் சொன்னாள்.

"தெரியும்" என்றார் வால்டர். "ரெண்டு வாரமா மொக்க சீட்டு வந்தாதான் தாடைய இறுக்குறேன். அவனுங்க பயந்து கவுத்துடறானுங்க. நீ புதுசுக்குச் சொல்லிடு ஐரீன், உன்கூட பேசறதுக்கு அது. சீட்டாட மட்டும் இது."

கையில் ஒரு சீட்டும் இல்லாமலே அவர் தாடை இறுக, மிஷின் 'கீ' என்றது.