விரலிடுக்குப் பந்து

இன்றோடு கஜியின் கதையை முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் முரானோ பேஸ்பால் மைதானத்தில், பந்து போடுபவனைக் காக்கும் வலைத் தடுப்புக்குப் பின்னால் வந்து நின்றான்.

முடிப்பது பெரிய வேலை இல்லை. பையன் தானாகவே முக்கால்வாசி முடிந்துபோயிருந்தான்.

புது ஆட்டக்காரர்களை எடுக்கும் வருடாந்திரத் தேர்வில், முதல் சுற்றிலேயே கிளப் தேர்ந்தெடுத்த பிள்ளை. சொந்த ஊர் ரயில் நிலையத்தில் பதாகை கட்டி வழியனுப்பினார்கள். மூன்று வருடமாக இரண்டாம் அணியிலேயே கிடக்கிறான். நன்றாகத்தான் மட்டையைச் சுழற்றுகிறான், பந்து மட்டும் வேறு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

ஆனாலும் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவனுக்கு இடம் உண்டு. கிளப் தோற்றுக்கொண்டிருந்தது, அதனால்தான். போன வருடமும் கடைசி, இந்த வருடமும் கடைசி. பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, இளசுகளை வைத்து அடியிலிருந்து கட்டப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

முரானோவும் ஒரு காலத்தில் முதல் சுற்றுப் பிள்ளைதான். பந்து வீச்சாளன். அவன் வந்தபோது கிளப் ஜெயித்துக்கொண்டிருந்தது. அதுதான் அவனைப் பிடித்த சனி. ஜெயிக்கிற இடத்தில் கற்றுக்குட்டிக்கு யார் பந்தைக் கொடுப்பார்கள்? பெஞ்சில் உட்கார்ந்தே வயது போயிற்று, பிறகு தோளும் போயிற்று. ஓர் அக்டோபரில் போன் வந்தது: நாளைக்குக் கோட்டு போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வா. ஆட்டக்காரர்களைக் கழித்துவிடுகிற மாதம் அது; அக்டோபரில் அப்படிக் கூப்பிட்டால் எதற்கென்று எவனும் கேட்பதில்லை.

அந்த ஆபீசிலேயே இந்த வேலையைக் கொடுத்தார்கள். பயிற்சியில் மட்டையாளர்களுக்குப் பந்து போடுவது. நேராக, ஒரே வேகத்தில், அடிபடுவதற்கென்றே போட வேண்டும். அடித்தால் அவர்களுக்குப் பெயர். அடிக்காவிட்டால் இவனுக்குத் திட்டு.

இப்போதும் அக்டோபர்தான். மட்டையாளன் நிற்கும் வலைக் கூண்டுக்குப் பின்னால் இரண்டாம் அணி மேலாளர் ஓரிகாசா நின்றார். பக்கத்தில் முதல் அணியிலிருந்து வந்த இரண்டு பேர், கையைக் கட்டிக்கொண்டு. யாரை வைத்துக்கொள்வது, யாருக்குப் போன் போடுவது என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

"என்னடா கஜி, கோட்டுக்கு இஸ்திரி போட்டாச்சா?" அடுத்து அடிக்கக் காத்திருந்தவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கஜியும் சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

முரானோவுக்கு இரக்கம் வரவில்லை. மூன்று வருடம்! எனக்கு மூன்றே மூன்று ஆட்டம் கொடுத்திருந்தால் இவன் இன்றைக்கு என் பெயரைப் போட்ட சட்டையைக் காசு கொடுத்து வாங்கியிருப்பான். வயிறு எரிந்தது. வழக்கமாக கஜிக்குப் போடுகிற ஆள் வேறு. காலையில் ஓரிகாசாவே வந்து, இன்றைக்கு நீ போடு என்று சொன்னபோது, கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல் இருந்தது.

சில பந்துகளை ஒழுங்காகப் போட்டான். கஜி எல்லாவற்றையும் தரையில் உருட்டினான். கையைக் கட்டியவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

அப்போதுதான் முரானோ இரண்டு விரல்களை அகட்டி, பந்தை நடுவில் செருகினான். அவனுடைய பழைய பந்து. நேராக வருவதுபோல் வந்து, மட்டைக்கு முன்னால் பொத்தென்று கீழே இறங்கும்.

கஜி காற்றை அடித்து, முழங்கால் மடங்கி விழப்பார்த்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது. பயிற்சியில் அடிக்க முடியாத பந்து போய்விட்டால், போட்டவன் தொப்பியைக் கழற்றித் தலைகுனிய வேண்டும். முரானோ கழற்றவில்லை.

கஜிதான் ஹெல்மெட்டைக் கழற்றினான். இடுப்பு வரை குனிந்தான்.

"முரானோசான், அதே பந்து. இன்னொண்ணு போடுங்க, தயவுசெஞ்சு."

கொழுப்பைப் பார் என்று நினைத்துக்கொண்டே போட்டான். இந்த முறை மட்டையின் நுனியில் பட்டுப் பின்னால் போயிற்று.

கஜி மறுபடி குனிந்தான்.

மூன்றாவதைப் போட்டபோது தோளுக்குள் சூடாக ஏதோ அறுந்தது. வலிக்க வலிக்க முரானோவுக்குத் தெரிந்தது, வாழ்நாளில் இவ்வளவு நல்ல பந்தை அவன் போட்டதே இல்லை. எந்த ஆட்டத்திலும் போட வாய்க்காத பந்து.

கஜி காத்திருந்தான். பந்து இறங்கியது, கூடவே மட்டையும் இறங்கியது.

அடிபட்ட பந்து வலது பக்கத்து உயர வலையைத் தாண்டி, அந்தப் பக்கம் முட்டைக்கோஸ் வயலில் போய் விழுந்தது. கையைக் கட்டியிருந்த இருவரும் கையை அவிழ்த்துவிட்டார்கள். ஒருவர் ஓரிகாசாவின் காதில் ஏதோ சொல்ல, அவர் தலையாட்டினார். பிறகு முரானோவை நோக்கி நடந்து வந்தார்.

வேலை போயிற்று என்று முரானோவுக்குப் புரிந்தது. இப்போதுதான் தொப்பியைக் கழற்றினான்.

"மன்னிச்சிடுங்க. வேணும்னேதான் போட்டேன்."

"தெரியும். அதுக்குத்தானே உன்னை நிறுத்தினேன்." ஓரிகாசா அவன் தோளைப் பார்த்தார். "இங்க எல்லாரும் அவனைப் பாத்துப் பரிதாபப்பட்டு மெத்துமெத்துனு போடறானுங்க. அதை வெச்சு நான் என்னத்தக் கண்டுபிடிக்கிறது? அவனைப் பாத்து வயிறு எரியறவன் இங்க நீ ஒருத்தன்தான்யா. போ, தோளுக்கு ஐஸ் வை."

இத்தனை நாளும் அது யாருக்கும் தெரியாது என்று முரானோ நினைத்திருந்தான்.

கூண்டருகே கஜி இன்னும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவனைப் பார்த்துக் குனிந்து நின்றான்.

முரானோ திரும்பிப் பார்க்காமல் நடந்தான். தன் காலத்தில் தன்னைப் பார்த்து இப்படி வயிறெரிய ஒருவன்கூட இல்லாமல் போனானே என்று இருந்தது. அதற்கும் சேர்த்து அவனுக்குக் கஜிமேல் பொறாமையாக வந்தது.